வீட்டு விஞ்ஞானம்: 13 பெரிதா, 30 பெரிதா?



சென்ற இதழில் மின்கட்டணப் பில்லை எப்படி வாசிப்பது என்று பார்த்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார். பிரித்தானியாவுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றனவாம். சிறு பிள்ளைகள் இருவர். வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே உள்ள பியூஸ் பெட்டியில், பொத்தான் வைத்த ஒரு சுவிச்சில் 30 என்று எழுதியிருக்கிறது. கேற்றிலின் பிளக்கில் 13 என்று எழுதியிருக்கிறது. "13 சிறியது, 30 பெரியது. ஆகவே ஏதாவது பிழை நடந்தால் பிளக்கில் உள்ள பியூஸ் முந்தி எரிந்து எங்களைக் காப்பாற்றிவிடும் என்று என் கணவர் சொல்கிறார். அது சரியா?" என்று கேட்கிறார்.

சரியில்லை. அந்த 13, அந்த 30ஐப் போல 433 மடங்கு பெரியது. கணக்குத் தலைகீழாக இருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? இலக்கத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இலக்கத்துக்குப் பின்னால் நிற்கும் எழுத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். பிளக்கில் உள்ளது 13 அம்பியர். பெட்டியில் உள்ளது 30 மில்லி அம்பியர். "மில்லி" என்ற அந்தச் சின்னச் சொல்லில் ஒரு வீட்டின் உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே இந்த இதழில் மின்னோட்டத்தின் அலகுகளையும், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வழியையும் பார்ப்போம். கணக்கென்று பயப்பட வேண்டாம். ஆயிரத்தால் பெருக்கவும் பிரிக்கவும் தெரிந்தால் போதும்.

அம்பியர் என்றால் என்ன?

ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகத்தோடு தண்ணீரைத் தள்ளும். மின்சாரத்தில் அந்தத் தள்ளுகையை வோல்ற் என்ற அலகால் அளக்கிறோம். வாய்க்காலில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது வேறு விடயம். வயரில் ஓடும் அந்த ஓட்டத்தையே, அதாவது நாம் "கரண்ட்" என்று சொல்வதையே, அம்பியரால் அளக்கிறோம். வாய்க்கால் அகலமா ஒடுக்கமா என்பது தடை. அதற்கு ஓம் என்று பெயர்.

அம்பியர் என்பது ஒரு மனிதரின் பெயர். 1775ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்த அந்திரே மரி அம்பியர் என்ற விஞ்ஞானி, மின்சாரம் ஒரே திசையில் ஓடும் இரண்டு வயர்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை 1820இல் காட்டினார். 1836இல் அவர் மறைந்தார். 1881இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு மின்னோட்டத்தின் அலகுக்கு அவருடைய பெயரை வைத்தது. 2019 மே 20ஆம் திகதி முதல் இந்த அலகுக்குப் புதிய வரைவிலக்கணம் நடைமுறையில் உள்ளது. முன்னர் இரண்டு வயர்களுக்கிடையிலான விசையைக் கொண்டு வரையறுத்தார்கள். இப்போது ஓர் இலத்திரனின் ஏற்றத்தைக் கொண்டு வரையறுக்கிறார்கள். ஒரு அம்பியர் ஓடும் வயரில் ஒவ்வொரு செக்கனும் கடந்துபோகும் இலத்திரன்களின் எண்ணிக்கை, 6 போட்டு அதன் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வரும் தொகையிலும் சற்றுக் கூட.

ஆயிரத்தின் படிகள்

வீட்டில் கேற்றில், ஹீற்றர் போன்றவற்றுக்கு அம்பியர் வசதியான அலகு. சிறிய பொருட்களுக்கு அது மிகப் பெரிதாகிவிடும். அரிசியை மூட்டைக் கணக்கில் வாங்கலாம், மஞ்சளை அப்படி வாங்க முடியுமா? அதனால்தான் படிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு.

ஒரு கிலோ அம்பியர் என்பது 1000 அம்பியர்.
ஒரு அம்பியர் என்பது 1000 மில்லி அம்பியர்.
ஒரு மில்லி அம்பியர் என்பது 1000 மைக்குரோ அம்பியர்.

பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்கும்போது ஆயிரத்தால் பெருக்குங்கள். சிறியதிலிருந்து பெரியதுக்கு ஏறும்போது ஆயிரத்தால் பிரியுங்கள். தசமப் புள்ளியை மூன்று இடம் நகர்த்துவதும் இதே கணக்குத்தான்.

0.5 அம்பியர் என்றால் 500 மில்லி அம்பியர். 2 அம்பியர் என்றால் 2000 மில்லி அம்பியர். 350 மில்லி அம்பியர் என்றால் 0.35 அம்பியர். 30 மில்லி அம்பியர் என்றால் 0.03 அம்பியர். 13 அம்பியர் என்றால் 13,000 மில்லி அம்பியர். இப்போது 13,000ஐ 30ஆல் பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன 433 வரும்.

ஒரே இலக்கம் எத்தனை வேடம் போடும் என்பதற்கு இன்னோர் உதாரணம். வானத்திலிருந்து விழும் மின்னலின் ஓட்டம் சாதாரணமாக 30 கிலோ அம்பியர் அளவில் இருக்கும். பெட்டியில் உள்ள சுவிச்சோ 30 மில்லி அம்பியருக்கே விழுந்துவிடும். இரண்டும் 30தான். இடையில் பத்து இலட்சம் மடங்கு வித்தியாசம். கையில் கட்டும் குவாட்ஸ் மணிக்கூடு எடுப்பது ஒரு சில மைக்குரோ அம்பியர் மட்டுமே. அதனால்தான் பொத்தான் அளவு பற்றரி ஒன்றில் அது வருடக்கணக்கில் ஓடுகிறது.

சீட்டில் கவனிக்க வேண்டியவை

பொருளின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எழுத்து. ஆங்கிலப் பெரிய 'ஏ' தனியாக நின்றால் அம்பியர். அதற்கு முன்னால் சின்ன 'எம்' நின்றால் மில்லி அம்பியர். கிரேக்க எழுத்தான 'மியு', அதாவது வால் வைத்த 'யு' போன்ற எழுத்து நின்றால் மைக்குரோ அம்பியர். சின்ன 'எம்' மில்லி, பெரிய 'எம்' மெகா. அதாவது ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு, மற்றது பத்து இலட்சம் மடங்கு.

இரண்டாவது, காற்புள்ளி. ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து ஆகிய நாடுகளில் இருந்துவிட்டு இங்கு வந்த குடும்பங்கள் பல. அங்கு வாங்கிய பொருட்களில் தசமத்துக்குப் புள்ளி போடாமல் காற்புள்ளி போட்டிருப்பார்கள். "1,5 அம்பியர்" என்றால் ஒன்றரை அம்பியர். மாறாக, ஜேர்மன் சீட்டில் "1.500 வாற்" என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு வாற். ஒன்றரை வாற் என்று நினைத்து மெல்லிய வயரில் கொழுவிவிடாதீர்கள்.

மூன்றாவது, மில்லி அம்பியர் மணி. கைத்தொலைபேசிப் பற்றரியில் 5000 என்று எழுதி, மில்லி அம்பியருக்குப் பின்னால் மணியைக் குறிக்கும் 'எச்' எழுத்தும் இருக்கும். அது ஓட்டத்தின் அளவன்று, பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு. 500 மில்லி அம்பியர் வீதம் எடுத்தால் 10 மணித்தியாலம் வரும், 1000 வீதம் எடுத்தால் 5 மணித்தியாலம் வரும் என்று பொருள். இதையும் ஆயிரத்தால் பிரித்து 5 அம்பியர் மணி என்று சொல்லலாம். அம்பியர் என்று மட்டும் சொல்ல முடியாது.

நான்காவது, உள்ளே போவதும் வெளியே வருவதும். சார்ஜரின் சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து எடுப்பது, மற்றது தொலைபேசிக்குக் கொடுப்பது. அடப்ரர் வாங்கும்போது இரண்டாவது வரியைத்தான் பார்க்கவேண்டும்.

அடப்ரர் என்றதும் கடையில் கேட்கக்கூடிய ஒரு பேச்சு நினைவுக்கு வருகிறது.

"அண்ணை, ஒன்பது வோல்ற், ஐந்நூறு மில்லி அடப்ரர் இருக்கோ?"

"ஐந்நூறு இல்லைத் தம்பி. ஒன்பது வோல்ற் அரை அம்பியர்தான் கிடக்கு."

"அது வேண்டாம் அண்ணை. எனக்கு ஐந்நூறுதான் வேணும்."

இரண்டும் ஒன்றுதான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் கீபோட்டுக்கோ வானொலிக்கோ அடப்ரர் வாங்கும்போது வோல்ற் சரியாக அதே அளவாக இருக்கவேண்டும். பிளக் முனையின் நேர், எதிர் அடையாளமும் ஒத்திருக்கவேண்டும். அம்பியர் மட்டும் கேட்டதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். 850 மில்லி அம்பியர் கேட்கும் பொருளுக்கு 1 அம்பியர் அடப்ரர் பொருந்தும், ஏனெனில் அது 1000 மில்லி அம்பியர். பொருள் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 850 கேட்கும் இடத்தில் 500 கொடுத்தால் அடப்ரர் சூடாகிக் கெட்டுப்போகும்.

வாற்றிலிருந்து அம்பியருக்கு

பல சீட்டுகளில் அம்பியரே இருக்காது, வாற் மட்டும் இருக்கும். வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும். இந்த நாட்டில் 230ஆல் பிரியுங்கள். இலங்கையிலும் 230 வோல்ற்தான். கனடாவில் 120 வோல்ற். அதனால் 1200 வாற் பொருள் ஒன்று கனடாவில் 10 அம்பியர் எடுக்கும், இங்கு 5.2 அம்பியர் எடுக்கும். ரொறன்ரோவிலிருந்து வரும் அண்ணா தன் வீட்டு றைஸ் குக்கரைப் பரிசாகக் கொண்டுவந்தால் சீட்டைப் பாருங்கள். 120 மட்டும் எழுதியிருந்தால் இங்கு கொழுவ வேண்டாம். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை.

நம் வீடுகளில் இருக்கும் சில பொருட்களின் கணக்கு இது:

கேற்றில் 3000 வாற்: சுமார் 13 அம்பியர்.
இஸ்திரிப்பெட்டி 2400 வாற்: 10.4 அம்பியர்.
எண்ணெய் ஹீற்றர் 2000 வாற்: 8.7 அம்பியர்.
றைஸ் குக்கர் 500 வாற்: 2.17 அம்பியர், அதாவது 2170 மில்லி அம்பியர்.
மாவரைக்கும் கிரைண்டர் 150 வாற்: 0.65 அம்பியர், அதாவது 650 மில்லி அம்பியர்.
எல்.ஈ.டி. மின்குமிழ் 9 வாற்: ஏறத்தாழ 0.039 அம்பியர், அதாவது 39 மில்லி அம்பியர்.

இங்குள்ள மூன்று தட்டைக்கால் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது. ஊரில் பழகிய உருண்டைக்கால் 5 அம்பியர், 15 அம்பியர் பிளக்குகளில் இது இல்லை. சாதாரணமாகக் கடைகளில் கிடைப்பவை 3 அம்பியரும் 13 அம்பியரும். சிவப்பு நிறம் 3, மண்ணிறம் 13. சுமார் 700 வாற் வரை 3 அம்பியர், அதற்கு மேல் 13 அம்பியர் என்பது பொது வழக்கம். 700ஐ 230ஆல் பிரித்தால் ஏன் என்று தெரியும். மோட்டர் உள்ள பொருட்கள் சுழலத் தொடங்கும் கணத்தில் கூடுதல் ஓட்டம் எடுக்கும். ஆகவே மிக்ஸி, பிரிட்ஜ் போன்றவற்றுக்கு அவற்றோடு வரும் புத்தகத்தில் சொன்ன பியூஸையே போடுங்கள்.

மேசை விளக்கின் பியூஸ் எரிந்தால், கையில் கிடைத்த 13ஐப் போட்டுவிடும் பழக்கம் கூடாது. அதன் மெல்லிய வயர் 3 அம்பியருக்கென்று இருக்கலாம். 10 அம்பியர் ஓடினால் வயர் உருகும், பியூஸ் அசையாது. ஊரில் பியூஸ் போனால் வயர் இழை ஒன்றை உரித்துச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கு ஈயத்தாள் சுற்றுவதும் அதே ஆபத்துத்தான்.

நான்கு துளை எக்ஸ்ரென்ஷனுக்கும் கணக்குப் பாருங்கள். துளை நான்கு என்றாலும் அத்தனைக்கும் சேர்த்து 13 அம்பியர்தான். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று குடும்பங்கள் இருக்கும்போது அறைக்குள்ளேயே கேற்றிலும் ஹீற்றரும் வைத்துக்கொள்கிறோம். 13ஐயும் 8.7ஐயும் கூட்டினால் 21.7 அம்பியர். கூடுதல் ஓட்டம் போனால் பியூஸ் அந்தக் கணமே எரிந்துவிடும் என்று எண்ணக்கூடாது. எல்லையைச் சற்றுத் தாண்டிய ஓட்டத்தை அது நெடுநேரம் தாங்கும். அந்த நேரமெல்லாம் கட்டிலுக்குக் கீழே, கம்பளத்துக்கு அடியில், வயர் சூடாகிக்கொண்டிருக்கும். ஹீற்றரை எப்போதும் சுவர்த்துளையில் நேரே கொழுவுங்கள். சுருள் எக்ஸ்ரென்ஷன் பாவித்தால் சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள். சுருட்டியபடி பாவித்தால் தாங்கும் அம்பியர் குறைவு என்பதை அதன் சீட்டிலேயே எழுதியிருப்பார்கள்.

உடலுக்கு எத்தனை அம்பியர்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மனித உடல் அம்பியர் கணக்கில் தாங்காது. அதற்கு மில்லி அம்பியர் கணக்குத்தான்.

ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் ஓடினால் விரலில் கிச்சுமூட்டுவது போல் உணர்வோம். 10 மில்லி அம்பியர் அளவில் கைத்தசைகள் இறுகி, பிடித்த வயரை விட முடியாமற்போகும். சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவு இன்னும் குறைவு. 30 மில்லி அம்பியர் நெஞ்சினூடாகத் தொடர்ந்து ஓடினால் மூச்சுத் திணறும், இதயத் துடிப்பும் குழம்பக்கூடும். 50 முதல் 100 மில்லி அம்பியர் ஒரு சில செக்கன்கள் ஓடினாலே இதயம் இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். ஆளுக்கு ஆள், நிலைமைக்கு நிலைமை இந்த அளவுகள் கூடிக் குறையும்.

மேலே சொன்ன எல்.ஈ.டி. குமிழை நினைத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலிலேயே குறைந்த மின்சாரம் எடுக்கும் அந்தக் குமிழின் 39 மில்லி அம்பியர் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது.

"அப்படியானால் சைக்கிள் டைனமோ ஏன் எங்களைக் கொல்லவில்லை?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பின்வந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை நம்முடையது. சாதாரண டைனமோ 6 வோல்ற், 3 வாற். 3ஐ 6ஆல் பிரித்தால் 0.5 அம்பியர், அதாவது 500 மில்லி அம்பியர். கணக்குப்படி அது ஆபத்தான அளவுதானே?

ஓட்டம் என்பது தள்ளுகையையும் தடையையும் பொறுத்தது. வோல்ற்றை ஓம்மால் பிரித்தால் அம்பியர் வரும். ஈரமான உடலின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ற் அதற்குள் தள்ளக்கூடியது 0.006 அம்பியர், அதாவது 6 மில்லி அம்பியர் மட்டுமே. டைனமோவால் 500 கொடுக்க முடியும், ஆனால் உடலுக்குள் அதைத் தள்ளும் வலு அந்த 6 வோல்ற்றுக்கு இல்லை. கை உலர்ந்திருந்தால் தடை பல மடங்கு கூடும், ஓட்டம் இன்னும் குறையும். அதே உடலில் 230 வோல்ற் பட்டால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர் ஓடும். குளியலறைக்குள் எக்ஸ்ரென்ஷன் வயரில் ஹீற்றரைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கும், ஈரக் கையால் பிளக்கைத் தொடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இரண்டு காவலர், இரண்டு வேலை

இப்போது சகோதரியின் கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்லலாம். ஒருவருடைய உடலினூடாக 230 மில்லி அம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உயிருக்குப் போராடுகிறார். பிளக்கில் உள்ள 13 அம்பியர் பியூஸுக்கோ அது வெறும் 0.23 அம்பியர். தன் எல்லையில் ஐம்பதில் ஒரு பங்கும் இல்லை. அது ஏன் எரியப்போகிறது? 3 அம்பியர் பியூஸ் இருந்தாலும் கதை அதுதான். பியூஸ் வயரைக் காக்கும் காவலர். வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்ப்பதே அதன் வேலை.

மனிதரைக் காப்பது அந்த 30 மில்லி அம்பியர் சுவிச். ஊரில் "ட்றிப் சுவிச்" என்போம், இங்கு ஆர்.சி.டி. என்கிறார்கள். வீட்டுக்குள் போகும் ஓட்டமும் திரும்பி வரும் ஓட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். போனதில் 0.03 அம்பியர் திரும்பி வரவில்லை என்றால், அது யாரோ ஒருவருடைய உடலினூடாக நிலத்துக்குப் போயிருக்கலாம். உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 30 மில்லி அம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அது விழவேண்டும். ஐந்து மடங்கான 150 மில்லி அம்பியரில் 40 மில்லி செக்கனுக்குள் விழவேண்டும். பாருங்கள், இங்கும் "மில்லி" வருகிறது. ஆயிரத்தால் பிரித்தால் 0.3 செக்கன், 0.04 செக்கன்.

அதற்கும் எல்லை உண்டு. மின்சாரம் பட்டால் அதிர்ச்சி தெரியத்தான் செய்யும், அது நீடிக்காமல் ஆர்.சி.டி. பார்த்துக்கொள்ளும். ஒரு கையால் உயிர் வயரையும் மறு கையால் நடுநிலை வயரையும் ஒன்றாகப் பிடித்தால், போன ஓட்டம் அப்படியே திரும்பி வருவதால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அது இருக்கிறது என்ற தைரியத்தில் பொருட்களைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

வீட்டில் உள்ள பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். 6, 16, 32, 40 என்று பல சுவிச்சுகள் இருக்கும். அவை அம்பியர், வயரைக் காப்பவை. பொத்தான் ஒன்றும், 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்ற எழுத்தும் உள்ள சுவிச்சைத் தேடுங்கள். இரண்டு எழுத்தும் ஒன்றே என்பது இனி உங்களுக்குச் சந்தேகமிராது. வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, கம்பியூட்டர்களை நிறுத்திவிட்டு, பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சுவிச் "டக்" என்று விழவேண்டும். விழுந்தபின் மேலே தள்ளிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. விழவில்லை என்றால், அல்லது அப்படி ஒரு சுவிச்சே இல்லை என்றால், வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதுவரை பாவிக்கச் சுவர்த்துளையில் கொழுவும் சிறிய ஆர்.சி.டி.களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை அந்த ஒரு துளையை மட்டும் காக்கும்.

"வாடகைக்கு இருக்கிறோம், கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவார்களோ?" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்பது உங்கள் உரிமை. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் மின்சார வேலைகளைக் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கவேண்டும் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் கூறுகின்றன. புதிதாகக் குடிவருபவருக்கு, வருமுன்னரே அந்த அறிக்கையின் பிரதியைக் கொடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் உங்கள் கவுன்சிலில் முறையிடலாம். கூட வாழும் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை எடுத்திருப்பவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஆனாலும் பெட்டியில் பொத்தான் உண்டா என்று பார்க்க எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

யாருக்காவது மின்சாரம் பிடித்தால் ஓடிப்போய்க் கையால் இழுக்காதீர்கள். உங்களையும் பிடிக்கும். முதலில் பெரிய சுவிச்சை நிறுத்துங்கள். பின்னர் 999ஐ அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். எந்தச் சுவிச்சை நிறுத்துவது என்று அம்மம்மா, அப்பப்பா உட்பட வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு

உயர்பள்ளிப் பிள்ளைகளின் பௌதிகப் பரீட்சையில் இந்த மாற்றம் அடிக்கடி வரும். சூத்திரத்தில் போடுமுன் மில்லி அம்பியரை அம்பியராக்க மறந்து புள்ளிகளை இழப்பவர்கள் அநேகர். உதாரணமாக, 12 ஓம் தடையினூடாக 250 மில்லி அம்பியர் ஓடுகிறது, வோல்ற் எவ்வளவு? 250ஐ 1000ஆல் பிரித்தால் 0.25. அதை 12ஆல் பெருக்கினால் 3 வோல்ற். மாற்றாமல் பெருக்கினால் 3000 வோல்ற் வரும். இரண்டு பற்றரி போட்ட ரோச் லைற்றில் 3000 வோல்ற் இருக்குமா என்று பிள்ளையைக் கேளுங்கள். விடை சரியா என்று பார்க்க அந்த ஒரு கேள்வியே போதும்.

பயிற்சிக்கு மூன்று கணக்குகள்:

1. 1.2 அம்பியர் எத்தனை மில்லி அம்பியர்?
2. 75 மில்லி அம்பியர் எத்தனை அம்பியர்?
3. 1150 வாற் பொருள் ஒன்று 230 வோல்ற்றில் எத்தனை அம்பியர் எடுக்கும்? எந்தப் பியூஸ் வேண்டும்?

விடைகள்: 1200 மில்லி அம்பியர், 0.075 அம்பியர், 5 அம்பியர், ஆகவே 13 அம்பியர் பியூஸ்.

தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்த பெற்றோர் "எங்களுக்கு இங்குள்ள படிப்புத் தெரியாது" என்று ஒதுங்க வேண்டியதில்லை. அம்பியரும் மில்லியும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பிள்ளையோடு உட்கார்ந்து வீட்டில் உள்ள பத்துப் பொருட்களின் சீட்டுகளை வாசித்து, எல்லாவற்றையும் மில்லி அம்பியரில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கும் வரும், வீட்டில் எந்தத் துளையில் பாரம் கூடியிருக்கிறது என்பதும் தெரியும்.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் சுவரில் ஈரமும் பூஞ்சணமும் ஏன் பிடிக்கின்றன என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளைத் தொடர்ந்து எழுதுங்கள்.